பார்டர் அலை அலையாக நிற்கிறது, நட்சத்திரங்கள் தெரியவே இல்லை: பிரிக்கவா, விடவா?

நூலிழை:
வணக்கம். மூன்று மாதமாகத் தைத்துவந்த குவில்டின் (துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் போர்வை) மேல்பாகம் நேற்றிரவு முடிந்தது. தரையில் விரித்துப் பார்த்தேன், தூக்கம் போய்விட்டது.

12 அங்குல நட்சத்திர பிளாக்குகள், அதாவது துண்டுகளைச் சேர்த்துத் தைத்த சதுரங்கள், மொத்தம் 30. அகலத்துக்கு 5, நீளத்துக்கு 6. ஒவ்வொன்றிலும் நடுவில் 6 அங்குலச் சதுரம், சுற்றிலும் எட்டு முனைகள், மூலைக்கு ஒரு 3 அங்குலச் சதுரம். நட்சத்திரம் எல்லாம் நீலம், பின்னணி எல்லாம் பச்சை. சுற்றிலும் 5 அங்குல பார்டர்.

முதல் கஷ்டம், பார்டர் தரையில் படியவில்லை. ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழுகிறது. இரண்டாவது, பிளாக்குகள் ஒரே அளவாக வரவில்லை. ஓரத் தையலுக்கு விட்டதையும் சேர்த்து 12.5 இருக்கவேண்டியது சில 12.25, சில 12.5-க்கு மேலே. இழுத்துப் பிடித்துத் தைத்துவிட்டேன். மூன்றாவதுதான் மனதை உறுத்துகிறது: நட்சத்திரமே தெரியவில்லை. துணிக்கடையில் அடுக்கிப் பார்த்தபோது நீலமும் பச்சையும் அவ்வளவு அழகாக இருந்தன. இப்போது தூரத்திலிருந்து பார்த்தால் பாசி பிடித்த குளம் மாதிரி இருக்கிறது.

எல்லாவற்றையும் பிரிக்கவேண்டுமா? உண்மையைச் சொல்லுங்கள், தாங்கிக்கொள்வேன்.

கால்அங்குலம்:
பிரிப்பதைப் பற்றி இப்போது யோசிக்காதீர்கள். முதலில் டேப்பை எடுங்கள். குவில்டின் நடுவாக, மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்புவரை பார்டரைச் சேர்க்காமல் அளந்து சொல்லுங்கள். பிறகு பக்கவாட்டு பார்டர் துணியைத் தையலோரமாகத் தனியே அளந்து சொல்லுங்கள். இந்த இரண்டு எண்ணும் தெரியாமல் யார் எது சொன்னாலும் குருட்டு வைத்தியம்தான்.

இன்னொரு கேள்வி. பார்டரை அளந்து வெட்டித் தைத்தீர்களா, நீளமாக ஒரு கீற்றை வைத்துத் தைத்துக்கொண்டே போய் கடைசியில் மிச்சத்தை வெட்டினீர்களா?

நூலிழை:
நடுவில் 71.5 அங்குலம். பார்டர் இடப்பக்கம் 73.25, வலப்பக்கமும் ஏறக்குறைய அதேதான். ஆமாம், தைத்துக்கொண்டே போய் கடைசியில்தான் வெட்டினேன். அப்படித்தானே எல்லோரும் செய்வார்கள்?

கால்அங்குலம்:
எல்லோரும் ஒருமுறை அப்படிச் செய்வார்கள். அப்புறம் செய்யமாட்டார்கள்.

71.5 அங்குலம் இருக்கவேண்டிய இடத்தில் 73.25 அங்குலத் துணி நிற்கிறது. கூடுதலான ஒன்றே முக்கால் அங்குலம் எங்கே போகும்? மேலே எழும், அதுதான் அலை. துணியை நகர்த்துகிற மெஷினின் அடிப்பற்கள் கீழே இருக்கும் துணியைக் கூடுதலாக இழுத்துக்கொள்ளும், மேலே இருக்கும் துணி பின்தங்கும். நீளமான கீற்று கீழே இருந்தால் இது தையலுக்குத் தையல் சேர்ந்துகொண்டே போகும். இதை இஸ்திரியால் சரிசெய்ய முடியாது, மேல்பாகம், நடுப்பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கிற குவில்டிங்கில் அமுக்கிவிடலாம் என்றும் நம்பாதீர்கள். கால் அங்குலம், அரை அங்குலம் என்றால் அடக்கலாம். ஒன்றே முக்கால் என்பது மடிப்பாக விழுந்தே தீரும்.

ஆகவே பார்டரை மட்டும் பிரியுங்கள். பிறகு நடுவிலும், இரு பக்கமும் ஓரத்திலிருந்து ஓரடி தள்ளியும் மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். அந்த அளவுக்கு இரண்டு பார்டரையும் வெட்டுங்கள். பார்டரையும் குவில்டையும் தனித்தனியாக நாலாக மடித்துக் குறி வையுங்கள். குறிக்குக் குறி குண்டூசி குத்தி, இடையில் வரும் தளர்ச்சியைப் பரப்பிவிடுங்கள். தளர்ச்சி எந்தத் துணியில் இருக்கிறதோ அது கீழே, அடிப்பற்களின் பக்கம் போகவேண்டும். அதுவே இழுத்துச் சமன் செய்துகொள்ளும். நீளப் பக்கங்கள் முதலில். அவற்றைத் தைத்து அழுத்தியபிறகுதான் மேலுக்கும் கீழுக்கும் அளவு எடுக்கவேண்டும்.

பார்டரை பாவு வாக்கில் வெட்டினீர்களா, ஊடை வாக்கில் வெட்டினீர்களா? ஊடை வாக்கில் துணி கொஞ்சம் கொடுக்கும். பாவு வாக்கில் இழுபடுவது குறைவு.

பொத்தான்பெட்டி:
எனக்கு இவ்வளவு கணக்கு வராது அக்கா. ஆனால் பிரிக்கும்போது ஒன்று கவனியுங்கள். இரண்டு துணியையும் பிடித்து இழுத்து நடுவில் கத்தியை ஓட்டாதீர்கள். முக்கோணங்கள் இருக்கிற இடத்தில் கிராஸ் விளிம்பு வந்திருந்தால் ரப்பர் மாதிரி நீண்டுவிடும், பிறகு எந்த அளவும் ஒத்துவராது. ஒரு பக்கத்தில் மூன்று நான்கு தையலுக்கு ஒன்றாக வெட்டிக்கொண்டே போங்கள். திருப்பிப் போட்டு மறுபக்க நூலை இழுத்தால் முழு நீளமாக உருவிக்கொண்டு வரும். அந்தச் சத்தமே ஒரு சுகம்.

நூலிழை:
ஊடை வாக்கில்தான் வெட்டியிருக்கிறேன். துணி இனி இல்லை, அதையேதான் பயன்படுத்தவேண்டும்.

சரி, பார்டரைப் பிரிக்கிறேன். பிளாக் அளவு ஏன் மாறுகிறது? வெட்டியது ஒரே ஸ்கேல், ஒரே கத்தி. சத்தியமாகக் கவனமாகத்தான் வெட்டினேன்.

கால்அங்குலம்:
வெட்டியதில் தப்பு இருக்காது, தைத்ததில் இருக்கும். தச்சர் கணக்கில் சொல்கிறேன், 8 நூல் ஓர் அங்குலம். தையலுக்கு விடுகிற கால் அங்குலம் 2 நூல். நீங்கள் ஒவ்வொரு தையலிலும் வெறும் அரை நூல் கூடுதலாகப் பிடித்தீர்கள் என்று வையுங்கள். உங்கள் பிளாக்கில் ஒரு வரிசைக்கு மூன்று துண்டு, அதாவது இரண்டு தையல். ஒவ்வொரு தையலிலும் இரண்டு பக்கத் துணி. நாலு அரை நூல், 2 நூல். 12.5 போய் 12.25 ஆகிவிட்டது. கண்ணுக்கே தெரியாத பிசகு பிளாக்கை முழுதாகக் கால் அங்குலம் சுருக்கிவிடுகிறது.

சோதித்துப் பார்க்க ஒரு வழி. 1.5 அங்குல அகலத்தில் மூன்று கீற்று வெட்டி நீளவாக்கில் ஒன்றோடொன்று தைத்து அழுத்துங்கள். நடுக்கீற்று சரியாக 1 அங்குலம், மொத்தம் 3.5 அங்குலம் வரவேண்டும். குறைந்தால் நீங்கள் அதிகம் பிடிக்கிறீர்கள். பெரும்பாலும் குறையும், ஏனென்றால் துணி மடிகிற இடமும் நூலின் பருமனும் கொஞ்சம் தின்னும். அதனால் கால் அங்குலத்துக்கு ஓரிரு இழை குறைவாகப் பிடித்துத் தைத்தால்தான் கணக்கு நேராகும். மெஷின் தட்டில் சரியான இடத்தில் நாலைந்து அடுக்கு டேப் ஒட்டிவிடுங்கள், துணி அதில் உரசிக்கொண்டு நேராகப் போகும்.

வாசற்படி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். தைத்து முடித்த பிளாக்குகளை இதற்காகப் பிரிக்கச் சொல்லாதீர்கள். கால் அங்குல வித்தியாசத்தை இழுத்துப் பிடித்துத் தைத்து, தையல் முனைகளும் ஓரளவு சேர்ந்திருக்கிறது என்றால் விட்டுவிடலாம். நான் ஒரு போர்வையைக் கட்டிலில் விரித்துவிட்டு அறை வாசலில் போய் நின்று பார்ப்பேன். அங்கிருந்து தெரியாத தப்பு எனக்குத் தப்பே இல்லை.

கால்அங்குலம்:
பிளாக்குக்கு ஒத்துக்கொள்கிறேன். பார்டருக்கு இந்த வாதம் செல்லாது. ஒரே மாதிரியான பிளாக்குகளை அடுத்தடுத்து வைக்காமல் நடுவில் கீற்று கொடுத்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது, கீற்று வித்தியாசத்தை விழுங்கிக்கொண்டிருக்கும். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்.

வாசற்படி:
சரி, பார்டர் உங்களுக்கு. நட்சத்திரம் எனக்கு.

நூலிழை, குவில்டைப் போனில் படம் எடுங்கள். அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். என்ன தெரிகிறது?

நூலிழை:
ஐயோ. ஒன்றுமே தெரியவில்லை. ஒரே சாம்பல். நட்சத்திரம் இருந்த இடமே மறைந்துவிட்டது.

வாசற்படி:
அதுதான் விஷயம். நீலம் வேறு, பச்சை வேறு என்று நிறத்தைப் பார்த்து எடுத்தீர்கள். தூரத்தில் கண் பிடிப்பது நிறத்தை விட வெளிர், அடர் என்கிற வித்தியாசத்தை. உங்கள் இரண்டு துணியும் ஒரே அளவு அடர்த்தி, அதனால் ஒன்றோடொன்று கரைந்துவிட்டன. சிறு பூ அச்சு வேறு என்றால் இன்னும் மோசம். நாலடிக்கு மேல் போனால் அச்சு கலந்து வெறும் நிறமாகிவிடும்.

சிலர் சிவப்புக் கண்ணாடித் தாள் வழியாகப் பார்ப்பார்கள். நல்ல வழிதான், ஆனால் சிவப்புத் துணியை அது வெளிர் என்று காட்டி ஏமாற்றும். போன் படம் அந்த அளவு ஏமாற்றாது. துணி வாங்கும்போதே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

இதில் ஒரு பழைய கதை உண்டு. பாரிஸில் கோப்லென் திரைச்சீலை நெசவாலையில் 1824-இல் சாயப் பிரிவின் பொறுப்பை ஏற்றவர் செவ்ரல் என்கிற வேதியியலாளர். அங்கே சாயமிட்ட கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது. சாயத்தைச் சோதித்தார், குறையில்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் அந்தக் கறுப்பை நெய்ததுதான் காரணம் என்று கண்டுபிடித்தார். பக்கத்து நிறம் ஒரு நிறத்தை எப்படி மாற்றுகிறது என்று பெரிய நூலாகவே 1839-இல் எழுதினார். சிவப்புக்குப் பக்கத்தில் வைத்த சாம்பல் துணி லேசாகப் பச்சையடிப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கடையில் அழகாக இருந்த துணி வீட்டில் கழுத்தறுப்பது இதனால்தான்.

பொத்தான்பெட்டி:
எனக்கென்னவோ அந்தக் குளம் பிடித்திருக்கிறது. கிட்டே வந்தால் நட்சத்திரம், தள்ளிப் போனால் தண்ணீர். அப்படியே விடலாமே?

நூலிழை:
நானே திட்டமிட்டுச் செய்திருந்தால் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம் அக்கா. ஆனால் எனக்கு நட்சத்திரம் வேண்டும். 30 பிளாக்கையும் பிரித்துப் பின்னணியை மாற்றும் தெம்பும் இல்லை.

வாசற்படி:
பிரிக்கவேண்டாம். நடுவில் 6 அங்குலச் சதுரம் இருக்கிறதல்லவா? அதன் மேல் வெளிர்த் துணி ஒன்றை வைத்துத் தைத்துவிடுங்கள். 6.5-க்கு வெட்டி, நாலு பக்கமும் கால் அங்குலம் உள்ளே மடித்து அழுத்தி, பழைய சதுரத்தின் தையல் கோட்டோடு பொருத்திக் கையால் மறைதையல் போட்டால் ஒட்டுத்துணி என்றே தெரியாது.

ஒரு எச்சரிக்கை. வெளிர்த் துணிக்கு அடியில் நீலம் நிழலாடும். தைத்துவிட்டுப் பின்பக்கம் திருப்பி, அடியிலிருக்கும் நீலச் சதுரத்தைத் தையலுக்குக் கால் அங்குலம் விட்டு வெட்டி எடுத்துவிடுங்கள். கூர்மையான கத்தரி முனை மேல்துணியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படி ஓட்டை போட்டு ஒருநாள் முழுக்க அழுதவள் எழுதுகிறேன்.

துணியை வெட்டும் முன் காகிதத்தில் பாருங்கள். வெள்ளைத் தாளை 6 அங்குலமாக 30 வெட்டி, குண்டூசியால் குத்திப் படம் எடுங்கள். எத்தனை வேண்டும், எங்கே வேண்டும் என்று குவில்டே சொல்லும்.

நூலிழை:
நாலு நாள் கழித்து வந்திருக்கிறேன். பார்டர் பிரித்தாயிற்று. உருவுகிற சத்தம் நிஜமாகவே சுகம்தான்.

காகிதம் குத்திப் பார்த்தேன். 30-லும் வைத்தபோது சதுரங்கக் கட்டம் மாதிரி விறைப்பாக ஆகிவிட்டது, நட்சத்திரத்தை விட்டுவிட்டு வெள்ளைச் சதுரங்களைத்தான் கண் எண்ணுகிறது. ஒன்று விட்டு ஒன்று வைத்தேன், அதுவும் அதே கதை. வெறுத்துப் போய் மறுபடி முப்பதையும் குத்தி, பாதித் தாள்களைப் பிடுங்கினேன். இடது மேல் மூலையில் மட்டும் அடர்த்தியாகவும், கீழே போகப்போக ஒன்றிரண்டாகவும் மிச்சம் நின்றன. அப்படியே படம் எடுத்தேன். அது நன்றாக இருந்தது! ஒரு மூலையில் விளக்கேற்றி மெல்ல அணைகிற மாதிரி. கடைசியில் 14 சதுரம். சந்தன நிறத்தில் பொடிப் புள்ளி போட்ட துணி ஒன்று என்னிடமே இருந்தது.

இரண்டு நாள் சுவரில் மாட்டி வைத்து, போக வரப் பார்த்தேன். மூன்றாம் நாளும் பிடித்திருந்ததால் தைக்க ஆரம்பித்துவிட்டேன்.

இனி பார்டர். 5 அங்குலத்தை அப்படியே திரும்ப வைக்கட்டுமா?

வாசற்படி:
ஏன் 5 என்று முடிவு செய்தீர்கள்?

நூலிழை:
துணி அவ்வளவு இருந்தது.

வாசற்படி:
அப்படித்தான் நினைத்தேன். உங்கள் பிளாக்குக்குள் இருக்கிற அளவுகள் 3-உம் 6-உம். பார்டரும் அதில் ஒன்றாக இருந்தால் உள்ளே இருக்கும் தாளம் வெளியேயும் தொடரும். 5 என்பது எதோடும் சேராமல் சட்டம் மாட்டின மாதிரி நிற்கும். 3-ஆக்கிப் பாருங்கள். மடித்து வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும், வெட்டவேண்டியதில்லை.

கால்அங்குலம்:
வழிமொழிகிறேன். 5.5-க்கு வெட்டிய கீற்றை 3.5 ஆக்கினால் 2 அங்குலக் கீற்று மிஞ்சும். அதை விளிம்பைச் சுற்றி மூடும் இரட்டை மடிப்பு பைண்டிங்குக்கு வைத்துக்கொள்ளலாம். பொதுவாக 2.25, 2.5 வெட்டுவார்கள், நடுப்பஞ்சு மெல்லிதாக இருந்தால் 2 போதும்.

ஈரத்துணி:
நடுவில் புகுந்து கேட்கிறேன், அவசரம். முடித்த குவில்டை முதல்முறை துவைத்தேன், சிவப்பு வெள்ளையில் ஏறிவிட்டது. பருத்திதான். உப்பும் வினிகரும் போடச் சொல்கிறார்கள், போடலாமா?

கால்அங்குலம்:
காயவிடாதீர்கள். இஸ்திரி, டிரையர் பக்கமே போகாதீர்கள். உலர்ந்த சூடு பட்டால் கறை நிலைத்துவிடும். உப்பும் வினிகரும் உதவாது. உப்பு சாயம் போடும்போது பயன்படுகிற பொருள், வினிகர் பட்டு, கம்பளிச் சாயங்களுக்கு. ஓடிக்கொண்டிருக்கும் சாயத்தை இரண்டும் பிடித்து வைக்காது.

பெரிய தொட்டியில் நல்ல சூடான தண்ணீர், குவில்ட் முழுதும் மூழ்கும்படி. பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம். ஒரு மூலைகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, அங்கே கறை ஏறும். பல மணி நேரம் ஊறட்டும். தண்ணீர் சிவந்தால் கொட்டிவிட்டு மறுபடி. தண்ணீர் தெளியும்வரை இதேதான். சாயம் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்க நிறையத் தண்ணீர் வேண்டும், அதுதான் சூட்சுமம். பட்டு, கம்பளி கலந்திருந்தால் இதைச் செய்யக்கூடாது.

அடுத்த முறை தைப்பதற்கு முன்பே சந்தேகத் துணியில் ஒரு துண்டை வெள்ளைத் துணியோடு சுடுதண்ணீரில் அரைமணி நேரம் போட்டுப் பாருங்கள்.

ஈரத்துணி:
மூன்றாவது தண்ணீர். இளஞ்சிவப்புதான் இப்போது. நன்றி, விடிய விடிய உட்கார்ந்திருக்கிறேன்.

நூலிழை:
3 அங்குல பார்டர் தரையோடு ஒட்டிக்கொண்டு படுத்துவிட்டது. கையால் தடவித் தடவிப் பார்க்கிறேன். நடுப்பஞ்சு, அடித்துணி வைத்து அடுக்கி, ஊக்கு குத்தி, குவில்டிங் ஆரம்பித்தேன். மேலே தையல் அழகு. திருப்பினால் கீழே நூல் வளையம் வளையமாகத் தொங்குகிறது. பாபின் (கீழ்நூல்) டென்ஷனை மாற்றிப் பார்த்தேன், இன்னும் மோசமாகிவிட்டது.

கால்அங்குலம்:
பாபினை முதலில் இருந்த இடத்துக்கே திருப்பி வையுங்கள். கீழே வளையம் விழுந்தால் கோளாறு மேல்நூலில். இது தெரியாமல் எல்லோரும் பாபினை நோண்டுவார்கள். நூலை முழுதாக உருவிவிட்டு, துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுபடி கோத்துவிடுங்கள். பாதம் இறங்கியிருந்தால் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும், நூல் உள்ளே உட்காராமல் மேலாக ஓடும். அப்படியும் சரியாகாவிட்டால் மேல் டென்ஷனைக் கொஞ்சம் கூட்டுங்கள். ஊசி எத்தனையாம் நம்பர்? மூன்று அடுக்குக்கு 14 போடுங்கள், புதியதாக.

நூலிழை:
பாதம் இறங்கித்தான் இருந்தது. இப்போது சரி. வெட்கமாக இருக்கிறது.

பொத்தான்பெட்டி:
எனக்கு அது தெரிய ஆறு வருஷம் ஆயிற்று. நீங்கள் பரவாயில்லை.

வாசற்படி:
குவில்டிங் நடுவிலிருந்து வெளியே போகட்டும். பின்னணிப் பச்சையில் நெருக்கமாகவும் நட்சத்திரத்துக்குள் இடம் விட்டும் போட்டால் நட்சத்திரம் உப்பி எழும், அதுவும் கொஞ்சம் உங்களுக்கு உதவும். எவ்வளவு இடைவெளி விடலாம் என்று நடுப்பஞ்சு உறையில் போட்டிருக்கும், அதைத் தாண்டாதீர்கள். நடுவை நெருக்கமாகத் தைத்துவிட்டு பார்டரைச் சும்மா விட்டால் மறுபடி அலைதான். இவ்வளவு பாடுபட்டு அதைத் திரும்ப வரவழைக்காதீர்கள்.

நூலிழை:
குவில்டிங் முடிந்தது! ஒன்றிரண்டு இடத்தில் பின்னால் சிறு மடிப்பு. ஒன்றைப் பிரித்துச் சரிசெய்தேன், மற்றதை விட்டுவிட்டேன்.

கடைசிக் கேள்வி. சுற்றளவு 286 அங்குலம். மூலைக்கும் இணைப்புக்கும் 10 சேர்த்தால் 296. மிஞ்சிய பார்டர் கீற்றுகள் நாலையும் குறுக்குத் தையலில் இணைத்தால் 280-தான் வருகிறது. 16 அங்குலம் பற்றாக்குறை. வேறு பச்சை எடுத்தால் ஒத்துவராமல் அசிங்கமாகத் தெரியுமோ?

வாசற்படி:
ஒத்துப்போகிற மாதிரி தேடினால்தான் அசிங்கமாகத் தெரியும். சந்தனப் புள்ளித் துணி மிச்சமிருக்கிறதா?

நூலிழை:
ஒரு முழம் இருக்கிறது.

வாசற்படி:
அப்புறம் என்ன? அந்த இடது மேல் மூலையில் வரும்படி வைத்து இணையுங்கள்.

பொத்தான்பெட்டி:
இணைப்பு சரியாக மூலைத் திருப்பத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா, தடித்துப்போய் ஊசி உடையும். படம் போடுங்கள். கறுப்பு வெள்ளையிலும் ஒன்று.